ஆங்கிலப் பணிப்பெயர்களில் ஆண், பெண் வேறுபாடு தேவையா? மலேசியத் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

என் தாயார் செபராங் பிறையிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தந்தையாரும் அதே தோட்டத்தில் அதே வேலையைத்தான் செய்தார். தோட்ட அலுவலகம் இருவருக்கும் வழங்கிய ஆங்கில அட்டைகளில், தொழில் என்ற இடத்தில், மரப்பட்டையைச் சீவிப் பால் எடுப்பவரைக் குறிக்கும் ‘டேப்பர்’ என்னும் ஒரே சொல் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருவரும் தத்தம் நிரைக்குச் சென்றார்கள். பட்டையில் கத்தி இறங்கும் ஆழம் மரத்துக்கு மரம் மாறுமே தவிர, வெட்டுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. ஆகவே அந்த ஒரு சொல் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

இன்று பினாங்கில் தமிழ் வணிகர்களுக்கும் சங்கங்களுக்கும் ஆங்கில அறிவிப்புகளை எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கும் என்னிடம், “இந்தப் பதவிக்கு ஆங்கிலத்தில் பெண்பால் என்ன?” என்று யாரேனும் கேட்காத மாதமே இல்லை. ஆசிரியர் – ஆசிரியை, தலைவர் – தலைவி, பாடகர் – பாடகி என்று பழகிய நமக்கு, ஒவ்வொரு தொழிலுக்கும் ஆங்கிலத்திலும் ஓர் இணை இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. என் விடை, ஆங்கிலத்துக்கு அந்த இணை தேவையில்லை என்பதுதான். பணிப்பெயர் வேலையைச் சொன்னால் போதும். வேலையைச் செய்பவர் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லியாக வேண்டிய சில இடங்கள் உண்டு. அங்கே அதைப் பணிப்பெயருக்கு வெளியே, தனிச் செய்தியாகச் சொல்ல வேண்டும். வேலை விளம்பரமோ, தன்விவரக் குறிப்போ, சங்க மலரோ, அழைப்பிதழோ எழுதும்போது இதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: ஒரு மொழியின் இலக்கணத்தை மற்றொன்றின் மேல் ஏற்றாதீர்கள்

தமிழில் எழுவாயின் பால் வினைமுற்றிலும் வெளிப்பட்டாக வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நாம் ஒரு படர்க்கை வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது. ஆங்கில வினைச்சொல்லுக்கு இந்தக் கடமை இல்லை. ஆண், பெண் வேறுபாட்டை அந்த மொழி ‘ஹி’, ‘ஷி’ போன்ற சில பிரதிப்பெயர்களில் மட்டுமே இலக்கணமாக வைத்திருக்கிறது. எனவே ‘டாக்டர்’ என்ற பெயர்ச்சொல் பெண்பால் ஈறு இல்லாமல் நிற்பதால் வாக்கியத்தில் எந்தக் குறையும் நேர்வதில்லை.

எல்லா மொழிகளும் இப்படியல்ல. ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்களுக்கே பால் உண்டு. அங்கேலா மெர்க்கல் ஜெர்மனியின் தலைமையமைச்சரானபோது, அந்தப் பதவியின் பெண்பால் வடிவமான ‘புண்டெஸ்கான்ஸ்லரின்’ என்ற சொல்லே 2005ஆம் ஆண்டின் சிறந்த சொல்லாக அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த மொழியில் பெண்பால் ஈற்றைச் சேர்ப்பதுதான் பெண்ணுக்கு உரிய இடத்தை அளிப்பது. ஆங்கிலத்தில் அதே நோக்கம் ஈற்றை நீக்குவதால் நிறைவேறுகிறது.

தமிழிடமும் பொதுவழி ஒன்று உண்டு என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பலர்பாலுக்கு உரிய ‘அர்’ ஈற்றைக் கொண்டு ஒருவரை உயர்த்திச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியமே பதிவு செய்திருக்கிறது. மருத்துவர், அமைச்சர், எழுத்தாளர், வழக்கறிஞர் என்னும் சொற்களெல்லாம் அந்த வழியில் நிற்பவை. மருத்துவருக்குப் பெண்பால் தேடி நாம் யாரும் அலைவதில்லை. ஆங்கிலத்தின் பொதுப்பெயர்களை ‘அர்’ ஈற்றுச் சொற்களைப் போல எண்ணிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் நாட்டில் மலாய்மொழியும் இந்தக் குழப்பத்தில் பங்கு கொள்கிறது. ‘டியா’ என்ற ஒரே பிரதிப்பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. குரு (ஆசிரியர்), பென்ஷாரா (விரிவுரையாளர்), ஜுருராவாட் (தாதி) ஆகியவையும் பொதுச்சொற்களே. ஆனால் சமஸ்கிருதத்திலிருந்து வந்த ஈறுகள் அங்கேயும் பிரிவை ஏற்படுத்தியிருக்கின்றன. வார்த்தாவான் – வார்த்தாவாத்தி (செய்தியாளர்), ஒலாராகாவான் – ஒலாராகாவாத்தி (விளையாட்டு வீரர்), பிரமுகாரா – பிரமுகாரி (விமானப் பணியாளர்) என்பவை அத்தகையவை. ‘பிரமுகாரி’யை மனத்தில் வைத்து ஆங்கிலம் எழுதுபவர் ‘ஸ்டூவர்டஸ்’ என்றே எழுதிவிடுகிறார்.

இரண்டாம் படி: கையிலுள்ள சொல் எந்த வகை என்று பாருங்கள்

சொல்லின் ஈற்றைப் பார்த்தே பெரும்பாலும் வகையைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் வகையில் சிக்கலே இல்லை. டீச்சர், நர்ஸ், கேஷியர், கிளார்க், இன்ஜினியர், ஆப்பரேட்டர் போன்ற சொற்கள் இன்று இருபாலார்க்கும் பொதுவாகப் புழங்குகின்றன. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கிய பிறகு, மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலைக்குச் சென்றார்கள். அவர்களுடைய பணிப்பெயர் ‘ஆப்பரேட்டர்’ என்பதே. பெரும்பான்மை பெண்கள் என்பதற்காக யாரும் அந்தச் சொல்லுக்குப் புது ஈறு சேர்க்கவில்லை. இன்று அதே வேலையைச் செய்யும் ஆண்களுக்கும் அதே சொல் குறையின்றிப் பொருந்துகிறது.

இரண்டாவது வகை ‘எஸ்’ ஈறு பெற்றவை. ஆக்ட்ரஸ், வெய்ட்ரஸ், ஸ்டூவர்டஸ், மேனேஜரஸ் என்பவை இதில் அடங்கும். கிரேக்கத்தில் தோன்றி, இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குச் சென்று அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ஈறு இது. இந்த ஈற்றைப் பற்றி நான் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் “இரண்டு சொற்கள் இருந்தால் என்ன கெட்டுவிடும், மரியாதைக்காகத்தானே?” என்று கேட்பவர்களுக்கான விடை இதன் வரலாற்றிலேயே இருக்கிறது. ‘கவர்னர்’ என்றால் ஆள்பவர், ‘கவர்னஸ்’ என்றால் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் பெண். ‘மாஸ்டர்’ என்ற சொல் தேர்ச்சியையும் தலைமையையும் குறித்துக்கொண்டே வர, ‘மிஸ்ட்ரஸ்’ என்ற சொல் மணவுறவுக்கு வெளியே ஓர் ஆணோடு வாழும் பெண்ணைக் குறிக்கும் இடத்துக்கு இறங்கிவிட்டது. செத்தி அக்தார் அசிஸ் 2000 முதல் 2016 வரை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ‘கவர்னர்’ ஆக இருந்தார். அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஆங்கிலம் அறிந்த எவரும் அவரைக் ‘கவர்னஸ்’ என்று எழுதத் துணிந்திருக்க மாட்டார்கள். ஆண்பால் எனக் கருதப்பட்ட சொல்லே பதவியின் முழுப்பெயராக நிற்க, பெண்பால் வடிவம் வேறொரு சிறிய வேலைக்குப் போய்விட்டது.

இதைவிடப் பழைய ஓர் ஈறும் ஆங்கிலத்தில் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டர்’ என்பது பெண்ணைக் குறித்த ஈறு. நூல் நூற்றவள் ‘ஸ்பின்ஸ்டர்’. அந்தச் சொல் பின்னர் திருமணமாகாத பெண்ணைக் குறிக்கலாயிற்று, நூற்கும் தொழில் அதிலிருந்து மறைந்தே போயிற்று. தையல் வேலை செய்தவள் ‘ஸீம்ஸ்டர்’. அந்த ஈறு பெண்பால் என்பதை மக்கள் மறந்தபோது, அதன் மேல் இன்னோர் ஈற்றைச் சேர்த்து ‘ஸீம்ஸ்ட்ரஸ்’ ஆக்கினார்கள். மதுச்சாலையில் பீப்பாயைத் திறந்து மது ஊற்றிக் கொடுத்த ஆணை ‘டேப்பர்’ என்றும் பெண்ணை ‘டேப்ஸ்டர்’ என்றும் ஒரு காலத்தில் பிரித்து அழைத்தார்கள் என்று படித்தபோது, என் தாயாரின் அட்டையை எடுத்து மீண்டும் ஒருமுறை பார்த்தேன். நம் தோட்டங்களுக்கு ஆங்கிலம் வந்து சேர்ந்த காலத்தில் அந்தப் பழைய பிரிவு மறைந்திருந்தது.

மூன்றாவது வகை ‘மேன்’ ஈறு பெற்றவை. சேர்மன், போலீஸ்மேன், ஃபயர்மேன், சேல்ஸ்மேன், ஸ்போக்ஸ்மேன் ஆகியவை இவ்வகை. பழைய ஆங்கிலத்தில் ‘மன்’ என்றால் மனிதர் என்றே பொருள். ஆணுக்கு ‘வேர்’, பெண்ணுக்கு ‘விஃப்’ என்று தனிச்சொற்கள் இருந்தன. இந்த உண்மையைக் காட்டி, “சேர்மன் என்பதும் பொதுச்சொல்தான்” என்று வாதிடுவோர் உண்டு. சொல் பிறந்த கதை அதுவாயினும், இன்று ஆங்கிலம் படிக்கும் பத்து வயதுச் சிறுமிக்கு ‘மேன்’ என்றால் ஆண்தான். சட்டங்களில் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்று நம் நாட்டின் பொருள்விளக்கச் சட்டம் கூறுகிறது. அந்த விதி வழக்காடுமன்றத்தில் பொருள் கொள்ளும் முறையை நிர்ணயிக்கிறது. சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் படிக்கும் பெண்ணோ அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதில்லை.

நான்காவது வகை, பொதுச்சொல்லின் முன் பால் அடையைச் சேர்ப்பது. ‘லேடி டாக்டர்’, ‘மேல் நர்ஸ்’ (ஆண் தாதி) என்பவை எடுத்துக்காட்டு. நம்மிடையே இதுவே மிக அதிகம். நான் தொகுத்த ஒரு சங்க மலரில், நால்வர் பெயருள்ள மருத்துவர் பட்டியலில் ஒருவருக்கு மட்டும் ‘லேடி சர்ஜன்’ என்று அச்சேற்றிவிட்டேன். விழா முடிந்ததும் அவர் என்னருகே வந்து, “அண்ணே, நானும் அவங்களோட சேர்ந்து அதே தேர்வைத்தான் எழுதினேன்,” என்று மட்டும் சொன்னார். சினம் சிறிதும் இல்லாமல் சொல்லப்பட்ட அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. அந்த அடைமொழி அவருடைய தகுதியை உயர்த்தவில்லை, அவரை விதிவிலக்காகக் காட்டியது. தாதிமை பயின்ற ஓர் இளைஞரை ‘மேல் நர்ஸ்’ என்று எழுதும்போதும் இதேதான் நிகழ்கிறது.

மூன்றாம் படி: அந்தச் சொல்லோடு வேறு விதிகள் வருகின்றனவா என்று பாருங்கள்

பணிப்பெயர் இரண்டானால், சம்பளமும் விதியும் இரண்டாவது எளிதாகிவிடுகிறது. இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் செய்தி இதுவே. நம் நாட்டில் ஒரு விமான நிறுவனத்தின் கூட்டு ஒப்பந்தத்தில், ‘ஸ்டூவர்டஸ்’ பிரிவைச் சேர்ந்த பெண்கள் கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்ற விதி இருந்தது. விலக மறுத்துப் பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு பெண் நீதிமன்றங்களை நாடினார். 2005இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே முடிவு கூறியது. 2001இல் கூட்டரசு அரசமைப்பின் 8(2)ஆம் விதியில் ‘பால்’ என்ற சொல் சேர்க்கப்பட்டிருந்தும், தனியார் நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. பணிப்பெயர் ‘ஃபிளைட் அட்டெண்டண்ட்’ என்று பொதுவாக இருந்திருந்தால் அந்த விதியே இருந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், ஆண், பெண் இருவரும் ஒரே பெயரின் கீழ் நிற்கும்போது, ஒருவருக்கு மட்டும் ஒரு விதியை எழுதுபவர் அதற்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய நிலை வரும்.

பிரிட்டன் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அங்கே 1975இல் இயற்றப்பட்ட பால் பாகுபாட்டுச் சட்டத்தின்படி, ‘வெய்ட்டர்’, ‘சேல்ஸ்கேர்ள்’, ‘போஸ்ட்மேன்’, ‘ஸ்டூவர்டஸ்’ போன்ற பாலுணர்த்தும் பணிப்பெயரை விளம்பரத்தில் பயன்படுத்தினால், அதற்கு மாறான குறிப்பு விளம்பரத்திலேயே இல்லாத வரையில், பாகுபாடு காட்டும் நோக்கம் இருப்பதாகவே கொள்ளப்பட்டது. பெண்பாற் சொற்களோடு ‘வெய்ட்டர்’ என்பதையும் அந்தச் சட்டம் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். ‘வெய்ட்ரஸ்’ என்ற இணை இருக்கும்வரை ‘வெய்ட்டர்’ ஆண்பாலாகவே படிக்கப்படும். அமெரிக்காவில் நாளிதழ்கள் வேலை விளம்பரங்களை ‘ஆண்கள் தேவை’, ‘பெண்கள் தேவை’ என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து வெளியிட்டுவந்தன. அந்தப் பிரிவுக்குத் தடை விதித்த பிட்ஸ்பர்க் நகரின் ஆணையை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1973இல் உறுதி செய்தது.

மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. வேலையிடத்தில் பாகுபாடு தொடர்பாக முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையே எழும் தகராற்றைத் தொழிலாளர் துறையின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு செய்ய அவை வழிவகுத்தன. சிறு கடை வைத்திருப்பவரும் இதை அறிந்திருப்பது நல்லது.

நான்காம் படி: மாற்றுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான இடங்களில் சொல் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது. ஃபயர்மேனுக்கு ‘ஃபயர்ஃபைட்டர்’, போலீஸ்மேனுக்கு ‘போலீஸ் ஆபீசர்’, ஸ்டூவர்டஸுக்கு ‘ஃபிளைட் அட்டெண்டண்ட்’ அல்லது ‘கேபின் குரூ’, சேல்ஸ்கேர்ளுக்கு ‘சேல்ஸ் அசிஸ்டண்ட்’, ஆபீஸ் பாய்க்கு ‘ஆபீஸ் அசிஸ்டண்ட்’ என்று எழுதலாம். ஹெட்மாஸ்டர், ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டுக்கும் ‘ஹெட் டீச்சர்’ போதும். மலாயில் ‘குரு பெசார்’ என்று நாம் சொல்லும்போது யாருடைய பாலும் தெரிவதில்லை. நிகழ்ச்சியை வழிநடத்துபவரை ‘மாஸ்டர் ஆஃப் செரமனீஸ்’ என்று எழுதத் தயங்குகிறவர்கள், நம் ஊரில் எல்லாருக்கும் பழகிய ‘எம்சி’ என்பதையே எழுதலாம்.

உணவகத்துக்குச் ‘சர்வர்’ அல்லது ‘சர்விஸ் குரூ’ பொருத்தம். ‘வெய்ட்டர்/வெய்ட்ரஸ்’ என்று சாய்கோடிட்டு இரண்டையும் எழுதும் பழக்கம் நம் உணவக அறிவிப்புகளில் பரவலாக உள்ளது. அது தவறில்லை, ஆனால் இடத்தை அடைக்கும். ‘சேர்பர்சன்’ என்ற சொல்லில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. பலர் ஆணுக்குச் ‘சேர்மன்’ என்றும் பெண்ணுக்கு மட்டும் ‘சேர்பர்சன்’ என்றும் எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் பொதுச்சொல்லே பெண்பாற் சொல்லாகிவிடும். எனவே ‘சேர்’ என்றோ, சங்கமாயின் ‘பிரெசிடெண்ட்’ என்றோ எழுதி, அடுத்த தேர்தலில் யார் வந்தாலும் அதையே தொடருங்கள்.

உள்ளூர் வழக்கொன்றில் மட்டும் கவனம் தேவை. நம் ஊரில் ‘ஃபோர்மேன்’ என்றால் வாகனம் பழுதுபார்ப்பவர். மலாய்ப் பேச்சிலும் அது ‘போமேன்’ ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பொருள் தொழிலாளர் குழுவை மேற்பார்வையிடுபவர் என்பதாகும். ஆகவே பட்டறை வேலைக்கு ‘மெக்கானிக்’ என்றும், மேற்பார்வை வேலைக்குச் ‘சூப்பர்வைசர்’ என்றும் எழுதினால், பாலும் நீங்கும், பொருளும் தெளிவாகும்.

ஐந்தாம் படி: பால் உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் அதைத் தனியே எழுதுங்கள்

பெண்கள் விடுதிக் காப்பாளர், பெண் பயணிகளைச் சோதனையிடும் பாதுகாவலர், வீட்டில் ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டிப் பராமரிப்பவர் ஆகிய வேலைகளில் வேலையின் தன்மையே அதைக் கோருகிறது. அப்போதும் பணிப்பெயரை ‘கேர்கிவர்’ என்று பொதுவாகவே வைத்து, பராமரிக்கப்படுபவர் மூதாட்டியாதலால் பெண் பராமரிப்பாளர் தேவை என்று அடுத்த வாக்கியத்தில் காரணத்தோடு எழுதுங்கள். காரணத்தை எழுத முடியவில்லையென்றால், அந்த நிபந்தனை வேலைக்கு உரியது அன்று. லெபோ பசாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் ‘சேல்ஸ்கேர்ள்’ என்று எழுதச் சொன்னபோது நான் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். அவர் சற்று எண்ணிவிட்டு, “சேலையை விரிச்சுக் காட்டத் தெரிஞ்சா போதும், யாரா இருந்தா என்ன,” என்றார்.

ஆறாம் படி: உரியவரிடம் கேளுங்கள்

பொதுப்பெயரே நல்லது என்று கருதும் நான், ஒருவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரை மாற்ற மாட்டேன். நடிப்புத் துறை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் தொழில்முறை மேடைகளில் பெண்கள் நடிக்கத் தொடங்கியது 1660இல்தான். இன்று பெண் கலைஞர்கள் பலர் ‘ஆக்டர்’ என்றே தம்மைக் குறிப்பிடுகிறார்கள், வேறு சிலர் ‘ஆக்ட்ரஸ்’ என்பதை விரும்புகிறார்கள். ஆஸ்கார் விருதுகளில் ‘ஆக்ட்ரஸ்’ பிரிவு நீடிக்கிறது. பெர்லின் திரைப்பட விழாவோ 2021 முதல் ஆண், பெண் என்ற பிரிவை நீக்கி, முதன்மை நடிப்பு, துணை நடிப்பு ஆகியவற்றுக்கு இருபாலார்க்கும் பொதுவான விருதுகளை வழங்குகிறது. ஒரு கலைஞரைப் பற்றி எழுதும்போது அவரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். கேட்க முடியாதபோது பொதுச்சொல்லை எழுதுங்கள்.

ஏழாம் படி: பிரதிப்பெயர்களைச் சரிபாருங்கள்

தலைப்பில் ‘மேனேஜர்’ என்று பொதுவாக எழுதிவிட்டு, கீழே வரிக்கு வரி ‘ஹி’ என்று எழுதினால் செய்த வேலை வீணாகும். விளம்பரத்தில் விண்ணப்பதாரரை ‘யூ’ என்று நேரே விளித்து எழுதுவது எளிய வழி. சங்க விதிமுறைகளில் பதவிப்பெயரையே திரும்ப எழுதலாம், அல்லது ‘தே’ என்பதை ஒருமையில் பயன்படுத்தலாம். ஒருமைக்குத் ‘தே’ வருவது பதினான்காம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் உள்ள வழக்கு. பன்மைச் சொல்லால் ஒருவரைக் குறிப்பது தமிழருக்குப் புதிதன்று.

எட்டாம் படி: பட்டங்களைப் பணிப்பெயர்களோடு கலக்காதீர்கள்

அழைப்பிதழ் எழுதுவோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டத்தோ, டத்தின் என்பவை நடிகர், நடிகை போன்ற இணைகள் அல்ல. கூட்டரசு விருதின் வழி ஒரு பெண் தாமே பட்டம் பெற்றால் அவரும் ‘டத்தோ’தான். ‘டத்தின்’ என்பது டத்தோவின் மனைவிக்கு வழங்கும் பெயர். பெண் என்பதற்காகவே அவரை டத்தின் என்று அச்சிட்டால், அவர் தம் உழைப்பால் பெற்றதைக் கணவருடையதாக மாற்றி எழுதியவர்களாவோம். தான் ஸ்ரீ, புவான் ஸ்ரீ ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். சில மாநிலங்களில் பெண்களுக்கெனத் தனிப் பட்டங்களும் உண்டு. ஆதலால் விருந்தினரின் அலுவலகத்திலிருந்து பட்டத்தை எழுத்தில் பெற்று, எழுத்துக்கு எழுத்து அப்படியே அச்சுக்குக் கொடுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ‘யாங் பெர்ஹோர்மாட்’, நீதிபதிகளுக்கு ‘யாங் ஆரிஃப்’ என்ற அடைமொழிகள் இருபாலார்க்கும் பொது. அவற்றின் தமிழ் வடிவமாக ‘மாண்புமிகு’ என்று எழுதும்போதும் ஈற்றில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.